சக்கரத்தைக் கட்டிய பிறகுதான் நிம்மதி

பழுதாகி நிற்கும் காரை ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. சாலையோரம் நின்று வேடிக்கை பார்ப்பவர்களுக்கு, கார் கயிற்றில் மெல்ல மெல்ல மேலே ஏறுவதுதான் பெரிய காட்சி. ஏறி முடித்ததும் கார்க்காரர் பெருமூச்சு விட்டுப் போனைக் கையில் எடுத்துவிடுவார். எனக்குக் கவலை ஆரம்பிப்பதே அங்கேதான். ஒன்றரை டன் எடை, அதுவும் உருள்வதற்கென்றே செய்த பொருள், வழுவழுப்பான இரும்புத் தளத்தின் மேல் நிற்கிறது. மேடு பள்ளம், வளைவு, திடீர் பிரேக் எல்லாவற்றையும் தாண்டி அது நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும்.

அழைப்பு வந்ததும் நான் முதலில் கேட்பது, என்ன கார், எந்தச் சக்கரங்களுக்கு எஞ்சின் இழுவை போகிறது என்பதைத்தான். முன்பக்கத்தை மட்டும் தூக்கி, பின்சக்கரங்களைத் தரையில் உருளவிட்டு இழுத்துப் போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. முன்சக்கர இழுவை உள்ள கார் என்றால் சரி, பின்சக்கரங்கள் சும்மா உருண்டு வரும். நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகும் காரில் அதைச் செய்யவே கூடாது. ஆட்டோமேட்டிக் காரில் இழுவைச் சக்கரம் தரையில் உருண்டால் கியர் பாக்ஸின் உள்பாகங்களும் சேர்ந்து சுற்றும். ஆனால் எஞ்சின் ஓடாததால் ஆயில் பம்ப் சுற்றாது. எண்ணெய் ஓட்டம் இல்லாமல் உரசி உரசிச் சூடேறி, சின்னப் பழுதோடு வந்த கார் பெரிய செலவோடு போய்ச் சேரும். மின்சாரக் காரில் சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றி மின்சாரம் உண்டாகும், அதுவும் ஆபத்து. தட்டையான தளம் உள்ள பிளாட்பெட் வண்டியில் நான்கு சக்கரமும் தரையை விட்டு மேலே போய்விடுகிறது. எந்தக் காரானாலும் எனக்கு அதுதான் பிடித்த வழி.

இழுப்பதற்கு முன், டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் இருக்கும் இழுவை வளையத்தைத் தேடி எடுப்பேன். பம்பரில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்தால் வளையத்தைத் திருகும் ஓட்டை. பல கார்களில் அதன் மரை இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். வழக்கம்போல வலப்பக்கம் திருகிப் பார்த்துவிட்டு, மரை கெட்டுப்போயிருக்கிறது என்று விட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கையால் போகும் மட்டும் திருகி, அப்புறம் வீல் ஸ்பேனரின் தண்டை வளையத்துக்குள் விட்டு, அடிவரை இறுக்க வேண்டும். பாதி மரையில் நிற்கும் வளையம் இழுக்கும்போது பிய்த்துக்கொண்டு பறக்கும். நேராக இழுத்தால் தாங்குகிற வளையம் பக்கவாட்டில் இழுத்தால் வளைந்துவிடும். அதனால் ரெக்கவரி வண்டியை முதலில் காருக்கு நேராக நிறுத்துவதற்கே கொஞ்ச நேரம் செலவழிப்பேன். அவசரப்படுகிறவர்களுக்கு அது வீண் வேலையாகத் தெரியும்.

கயிற்றைச் சுற்றிக் காரை மேலே இழுக்கும் எந்திரமான வின்ச் ஓடத் தொடங்கியதும் கயிறு போகும் கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. இறுகிய இரும்புக் கயிறு அறுந்தால் எந்தப் பக்கம் வீசும் என்று சொல்ல முடியாது. கயிற்றின் நடுவில் கனமான சாக்கையோ தடித்த போர்வையையோ போட்டு வைத்தால், அறுந்தாலும் வேகம் குறையும். வின்ச்சின் உருளையில் குறைந்தது ஐந்து சுற்றுக் கயிறு மிச்சம் இருக்க வேண்டும். எடையைத் தாங்குவது அந்தச் சுற்றுகளின் பிடிதான், உருளையில் கயிற்றின் நுனியைப் பிடித்திருக்கும் போல்ட் அல்ல.

இந்த வண்டிகள் வருவதற்கு முன்பு இதெல்லாம் ஆட்களின் முதுகில்தான் நடந்தது. அமெரிக்காவில் சட்டனூகா நகரத்து மெக்கானிக் எர்னஸ்ட் ஹோம்ஸ், ஓடையில் விழுந்த ஒரு காரை ஆட்களும் கயிறுகளுமாகப் போராடி எடுத்த பிறகு, 1916-ல் ஒரு பழைய காடிலாக் காரின் மேல் கம்பங்களையும் கப்பியையும் சங்கிலியையும் பொருத்தினார். எங்கள் தொழிலின் தொடக்கமாகப் பலரும் சொல்வது அதைத்தான்.

சில கார்கள் உருளவே உருளாது. சக்கரம் உடைந்திருக்கும், அல்லது பேட்டரி இறந்துபோய் எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்துக்கு அடியில் உருளைத் தட்டைத் தள்ள வேண்டும். ஜாக்கியை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் அலட்சியம் காட்டுகிறார்கள். கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில், முன்சக்கரத்துக்குப் பின்னாலும் பின்சக்கரத்துக்கு முன்னாலும், அதற்கென்றே பலப்படுத்திய இடம் இருக்கும். பல கார்களில் சின்ன வெட்டோ முக்கோணக் குறியோ அந்த இடத்தைக் காட்டும். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப் கைக்கு வசதியாகத் தட்டையாக இருக்கிறதே என்று அதில் முட்டுக்கொடுத்தால் அது நசுங்கும். மின்சாரக் காரில் தரைக்கு அடியில் முழுக்கப் பேட்டரிதான், விளிம்பு தவறி ஜாக்கி உள்ளே போனால் தீப்பிடிக்கக்கூடிய சேதம். கெட்டியான சமதரை வேண்டும், எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். மண்தரை என்றால் ஜாக்கிக்குக் கீழே தடித்த பலகை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு ஸ்டாண்ட் இருக்கிறது. ஸ்டாண்ட் வைக்காமல் யாராவது காருக்கு அடியில் தலையை நீட்டினால் நான் சத்தம் போட்டுவிடுவேன். அப்போது மரியாதையெல்லாம் பார்ப்பதில்லை.

ஒருமுறை இரவில் ஒரு குடும்பத்தின் காரை ஏற்றவேண்டியிருந்தது. பின்சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "பாப்பா இப்பத்தான் தூங்குச்சு தம்பி, அப்படியே உள்ளேயே இருக்கட்டுமே, நான் கூட உக்காந்துக்கறேன்" என்றார் அந்த அம்மா. "இல்லம்மா, பாப்பாவைத் தூக்கிக்கோங்க, நம்ம வண்டியில முன்னாடி இடம் இருக்கு" என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. அவர் கோபப்பட்டாலும் பரவாயில்லை என்றுதான் நின்றேன். தூக்கும்போதும் சரி, ஓடும்போதும் சரி, மேலே இருக்கும் காருக்குள் ஓர் ஆள்கூட இருக்கக் கூடாது.

சரி, இனி கட்டும் வேலை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் முதல் நாளே சொன்னது: "தம்பி, சக்கரத்தைக் கட்டு, பாடியைக் கட்டாதே." காரணம் பிறகுதான் புரிந்தது. காரின் அடிச்சட்டமான சேசிஸில் கொக்கி மாட்டி இறுக்கும்போது ஸ்பிரிங்குகள் அமுங்கி, பெல்ட் முறுக்காக இருப்பது போலத் தெரியும். சாலையில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியதும் ஸ்பிரிங் இன்னும் அமுங்கும், அந்த நொடியில் பெல்ட் தொய்யும், கொக்கி கழன்றுவிழ அது போதும். டயரைச் சுற்றிப் பெல்ட்டைப் போட்டுத் தளத்தோடு இறுக்கினால், பாடி மேலே எப்படி ஆடினாலும் கட்டு தளர்வதில்லை. ஊஞ்சலில் இருப்பவரைக் கட்டுவதற்கும் தரையில் நிற்பவரைக் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

சக்கரமே இல்லாத காரானால் சேசிஸில் அதற்கென்றே விட்டிருக்கும் நீள்துளைகளில் சங்கிலி போடுவோம். ஸ்டியரிங் ராடிலும் பிரேக் ஹோஸ் பக்கத்திலும் கொக்கி மாட்டுவது மகா தவறு. கார் அசையாமல் வந்து சேரும், ஆனால் ராடு வளைந்திருக்கும்.

எவ்வளவு வலு வேண்டும்? பொருள்களைக் கட்டுவதற்கான ஐரோப்பியத் தரம், சாலையில் முன்பக்கமாக எடையில் 0.8 மடங்கு விசையையும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 0.5 மடங்கையும் தாங்கும்படி கணக்கிடச் சொல்கிறது. 1500 கிலோ கார் என்றால், வேகமாகப் பிரேக் போடும்போது 1200 கிலோ எடைக்கு நிகரான விசை முன்னே தள்ளும். ஹேண்ட் பிரேக் மட்டும் போட்டு விட்டுவிடலாமே என்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். அமெரிக்க விதியிலும் 4,500 கிலோ வரையுள்ள வண்டிகளுக்கு முன்னும் பின்னும் கட்டு இருந்தே ஆகவேண்டும். வின்ச் கயிற்றைக் கழற்றாமல் விட்டுவைக்கலாம், ஆனால் கட்டுக் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது.

பெல்ட்டை, அதை இறுக்கும் பல்சக்கரப் பிடியான ராட்செட்டில் குறைந்தது ஒன்றரைச் சுற்று, அதிகம் போனால் மூன்று சுற்று. அதற்கு மேல் போனால் துணி திரண்டு சிக்கிக்கொள்ளும். கைப்பிடியில் குழாய் மாட்டி இறுக்குவது வேண்டாம், கை பலமே போதும். பாலியஸ்டர் பெல்ட்டில் நீலச் சீட்டு தைத்திருக்கும், தாங்கும் அளவு அதில்தான் இருக்கிறது. சீட்டு கிழிந்த பெல்ட், ஓரம் வெட்டுப்பட்ட பெல்ட், முடிச்சுப் போட்ட பெல்ட் எதையும் நான் வண்டியில் வைப்பதில்லை. வெட்டு விழுந்த பெல்ட்டை "இன்னும் ஒரு தடவை ஓடும்" என்று யாராவது எடுத்து வைத்தால், அங்கேயே இரண்டாக அறுத்துப்போடுவேன்.

கிளம்பிச் சிறிது தூரம் போனதும் நிறுத்திப் பார்ப்பதை ஒருபோதும் விட்டதில்லை. அந்த நேரத்துக்குள் டயர்கள் தளத்தில் பதிந்து உட்கார்ந்திருக்கும், கட்டும்போது கல் போல இருந்த பெல்ட் ஒன்றில் கையை வைத்தால் ஆடும். இரண்டு மூன்று பல் இறுக்கினால் பழையபடி ஆகிவிடும். அமெரிக்க விதி முதல் 80 கி.மீ.க்குள் ஒருமுறை பார்க்கச் சொல்கிறது. நான் அவ்வளவு தூரம் காத்திருப்பதில்லை. முதல் சில கிலோமீட்டருக்குள்ளேயே நிறுத்திவிடுவேன். கண்ணாடிகள் மடங்கியிருக்கிறதா, பானெட் தாழ் விழுந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்வேன்.

இறக்கும்போதும் இதே கவனம் வேண்டும். ஊர் வந்துவிட்டது என்ற தெம்பில் நான்கு பெல்ட்டையும் மளமளவென்று கழற்றிவிட்டுத் தளத்தைச் சாய்த்தால், பிரேக் பிடிக்காத கார் தானாக ஓடி இறங்கும். முதலில் வின்ச் கயிற்றை மாட்டித் தொய்வில்லாமல் இறுக்கிக்கொள்வேன், பின்னால் யாரும் இல்லை என்று நடந்து போய்ப் பார்ப்பேன், அதன் பிறகுதான் பெல்ட்டில் கை வைப்பேன். ஹேண்ட் பிரேக்கை விடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.