வெளுத்துப் போன நாரை

போன ஞாயிறு வேடந்தாங்கல் போய் 400 படம் எடுத்து வந்தேன். தேறியது ஆறு. அதில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இங்கே போட்டது, மஞ்சள் மூக்கு நாரை ஒன்று அலகில் குச்சியோடு கூட்டுக்குப் பறந்து வரும் படம். 'சூப்பர்', 'வேற லெவல்' என்று வந்து விழுந்தன. அத்தை மட்டும் "கொக்கு நல்லாருக்குப்பா" என்றார். அத்தைக்கு எல்லாமே கொக்குதான்.

அப்புறம் இரவு பதினொரு மணிக்கு ஓர் அண்ணன் எழுதினார்: "தம்பி, சரியான நேரத்துல அமுக்கியிருக்கீங்க, அந்தக் குச்சி அழகு. ஆனா முதுகைப் பெரிசாக்கிப் பாருங்க, இறகே இல்லை."

பார்த்தேன். வெள்ளைத்தாளை வெட்டி ஒட்டியது போல இருந்தது. பின்னால் கருகருவென்று மரங்கள். கேமரா அந்த இருட்டை நம்பி வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. அந்தப் பறவைக்கு அழகே வால் பக்கத்து இளஞ்சிவப்பு இறகுதான், அதுவும் வெளுத்துவிட்டது. இறக்கை நுனி வேறு கலங்கல். பறக்கிற பறவையை 1/250 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தால் வேறென்ன ஆகும்?

அண்ணனே வழியும் சொல்லியிருந்தார்: "வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியா, குறைங்க. ஷட்டரை 1/2000 நொடிக்குக் கொண்டு போங்க. ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்தை உணர்ற அளவு, ஏறினா ஏறட்டும், அதனால படத்துல புள்ளி விழுந்தா ஓரளவு சரி பண்ணலாம். போன இறகு திரும்ப வராது."

கூடவே, தான் முதன்முதலில் எடுத்த பறவைப் படத்தையும் அனுப்பியிருந்தார். அதில் வால் மட்டும்தான் இருந்தது.

வரும் ஞாயிறு மறுபடி போகிறேன். அத்தையும் வருகிறாராம், கொக்கு பார்க்க.