பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்குத்தான் வரும் என்ற நினைப்பு கடலூர், புதுச்சேரிப் பக்கம் படித்தவர்களிடமும் இருக்கிறது. நம் தோலின் கறுப்பு நிறமியான மெலனின் வெயிலைத் தடுப்பதால் இங்கே குறைவு, உண்மைதான். ஆனால் அந்த நிறமிச் செல்களில் தொடங்கும் மெலனோமா என்ற தோல் புற்று நமக்கு வந்தால் பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்கால், குதிகால், உள்ளங்கை, நகத்தடியில் வருகிறது. பழைய தீக்காயத் தழும்பிலும், வருடக்கணக்கில் ஆறாத புண்ணிலும் வருவது வேறு வகை, ஸ்குவாமஸ் செல் புற்று.

தேவனாம்பட்டினத்தில் வெறுங்காலோடு வலை இழுப்பவரின் குதிகாலில் கறுப்பாக ஏதாவது தெரிந்தால் முள் குத்தியது, ரத்தக்கட்டு, கால் ஆணி என்று விட்டுவிடுவார்கள். நகத்தடி ரத்தக்கட்டு நகம் வளர வளர முன்னால் நகர்ந்துவிடும். நகராத கறுப்புக் கோடு அகலமாகிக்கொண்டே போனாலோ, கருமை நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கு இறங்கினாலோ அன்றே தோல் மருத்துவரிடம் போங்கள். நிறமே இல்லாமல் சிவந்த சதைக்கட்டியாகவும் மெலனோமா வரும். சர்க்கரை இருப்பவருக்கோ எல்லாப் பழியும் சர்க்கரை மேல் விழுகிறது; சரியாக மருந்து கட்டியும் நான்கு வாரத்தில் ஆறத் தொடங்காத புண்ணுக்கு பயாப்சி, அதாவது கொஞ்சம் சதை எடுத்துச் செய்யும் பரிசோதனை, கேளுங்கள்.

கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயம் வேண்டாம். பயாப்சியால் பரவுவதில்லை, தள்ளிப்போடுவதால்தான் பரவுகிறது. புண்ணென்றால் நல்ல தோலும் சேர விளிம்பில் எடுக்க வேண்டும். நடுவில் எடுத்தால் செத்த சதைதான் வரும். சின்னக் கரும்புள்ளியை 1 முதல் 3 மி.மீ. சுற்றுத்தோலோடு முழுசாக எடுப்பது நல்லது. மேலாகச் சீவினால் ஆழம் தெரியாமல் போகும். கரன்ட் வைத்துச் சுடுவது அதைவிட மோசம், பரிசோதிக்கச் சதையே மிஞ்சாது. எடுத்த சதையைச் சலைனில் (உப்புநீரில்) போட்டு அனுப்பக் கூடாது. அதன் அளவைப் போலப் பத்து மடங்கு, சதை கெடாமல் காக்கும் 10% ஃபார்மலின் திரவம் வேண்டும்.

மெலனோமா ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது பிரெஸ்லோ ஆழம், அதாவது புற்று தோலுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற அளவு. 1 மி.மீ. வரை என்றால் சுற்றிலும் 1 செ.மீ., 2 மி.மீ.க்கு மேல் என்றால் 2 செ.மீ. நல்ல தோலும் சேர வெட்டுவார்கள். குதிகாலில் அவ்வளவு எடுத்தால் தோல் ஒட்டவைக்க வேண்டிவரும். ஆழம் 0.8 மி.மீ.யைத் தாண்டினால் கவட்டையில் புற்று முதலில் போய்ச் சேரக்கூடிய நெறியை எடுத்துப் பார்ப்பது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். நெறி வீங்காவிட்டாலும் அதில் பரவியிருக்கலாம்.

ஜிப்மர் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போகும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. பயாப்சி செய்த லேபில் ஸ்லைடையும், எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். புள்ளியை முழுசாக எடுத்தாகிவிட்டது என்றால், மறுபடி பார்க்க அந்த பிளாக்கை விட்டால் வேறு சதை கிடையாது.