நாச்சியார்கோவில் விளக்குக் கடைக்கு இணையதளம் செய்து கொடுத்த அனுபவம்

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு விற்கும் ஒரு கடைக்கு இணையதளம் செய்து தருவதாக ஒப்புக்கொண்டேன். அப்போது எனக்கு இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் நன்றாகத் தெரியும், தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் ஓரளவு தெரியும், தொழில் மட்டும் தெரியாது. ஒரு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்த வேலை அக்டோபர் நடுவில்தான் முடிந்தது. வீணான நாட்களை இப்போது எண்ணிப் பார்த்தால், நிரலில் சிக்கி நின்றவை ஒரு வாரம்கூடத் தேறாது. மீதி எல்லாம் எந்தப் பயிற்சிக் காணொளியிலும் யாரும் சொல்லித் தராத இடங்களில் போனவை. புதிதாக இத்தொழிலுக்கு வருபவர்களுக்குப் பயன்படட்டும் என்று அவற்றை எழுதுகிறேன்.

முதல் முட்டுக்கட்டை டொமைன், அதாவது தளத்தின் இணையப் பெயர். கடைக்கு ஏற்கெனவே டாட் காம் பெயர் ஒன்று இருந்தது. பில் புத்தகத்திலும் அட்டைப்பெட்டியிலும் துணிப்பையிலும் அதுதான் அச்சாகியிருந்தது. "டொமைன் இருக்கு தம்பி, நீங்க பக்கத்தை மட்டும் போட்டாப் போதும்" என்று கடைக்காரர் ஐயா சொன்னதை நான் சரிபார்க்காமல் நம்பினேன். இரண்டு வாரம் வடிவமைப்பு செய்துவிட்டு அந்தப் பெயர் யாருடையது என்று காட்டும் ஹூஇஸ் பதிவைத் திறந்து பார்த்தபோதுதான், அது முன்பு தளம் செய்து கொடுத்த இளைஞரின் மின்னஞ்சலில், அவர் பெயரிலேயே பதிவாகியிருப்பதும், காலாவதியாகி மீட்புக் காலத்தில் நிற்பதும் தெரிந்தன. டாட் காம் பெயர் ஒன்று காலாவதியானால், பெயரை விற்ற பதிவு நிறுவனத்தைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாட்கள் வரை சாதாரணமாகப் புதுப்பிக்க இடமிருக்கும். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம், அதில் கட்டணம் பல மடங்கு. அதுவும் கடந்தால் 5 நாளில் பெயர் அழிக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியே வந்துவிடும். மீட்கும் உரிமையும் கணக்கு யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான்.

அந்த இளைஞர் வெளிநாடு போய்விட்டிருந்தார். கைபேசி எண்ணும் மாறியிருந்தது. கடையின் பழைய கோப்பில் கிடைத்த ஒரு ரசீதைப் பிடித்துக்கொண்டு, அவருடைய வீட்டாரைத் தேடி, அவரிடம் பேச 9 நாட்கள் ஆயின. நல்ல மனிதர், மறுநாளே கணக்கில் நுழைந்து மீட்டுக் கொடுத்தார். பிறகு அதே பதிவு நிறுவனத்திலேயே கடையின் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, டொமைனை அதற்குள் மாற்றிக்கொண்டோம். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு: என் நண்பர் ஒருவருக்கு முந்தைய ஆண்டு நானும் அப்படித்தான் என் கணக்கிலேயே பெயர் வாங்கிக் கொடுத்திருந்தேன், அதுதான் வசதி என்று நினைத்து. இன்று எந்த வேலைக்கும் முதல் நாள் முதல் காரியமாக ஹூஇஸ் பார்க்கிறேன். புதிய பெயர் என்றால், வாடிக்கையாளரை அருகில் உட்காரவைத்து, அவருடைய மின்னஞ்சல், அவருடைய கைபேசி, அவருடைய அட்டை ஆகியவற்றைக் கொண்டே வாங்கச் செய்கிறேன். ஐயா டாட் இந்தியா என்று தமிழிலேயே முடியும் பெயர் வேண்டுமென்று ஆசைப்பட்டார். அப்படி வாங்கவும் முடியும். ஆனால் பெட்டிகளில் அச்சான பெயரை மாற்ற அவருக்கே மனம் வரவில்லை.

விலைப்புள்ளி கொடுத்த விதத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் "18,000 ரூபாய், விற்பனை வசதியுடன்" என்று அனுப்பினேன். என் கணக்கில் 40 விளக்குகள். அவர் கணக்கில் கடையில் இருக்கும் அத்தனையும். மொத்தம் 212 உருப்படிகள் வந்தன. அன்னம் வைத்தது, கிளி வைத்தது, தூண்டாமணி விளக்கு, தொங்கு விளக்கு என்று ஒவ்வொன்றிலும் ஐந்தாறு உயரங்கள். எத்தனை பக்கம், எத்தனை பொருள், உரையும் படமும் யார் தருவது, எத்தனை முறை திருத்தம் செய்வது என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டிருந்தால், கூடுதல் பணம் கேட்டு நின்ற அந்த ஒரு மணி நேர சங்கடம் இருந்திருக்காது. கூடுதலாக 14,000 கேட்டேன், 10,000-க்கு முடிந்தது.

அந்த 212 உருப்படிகள்தான் எனக்கு இன்னொரு பாடத்தையும் கற்றுத் தந்தன. ஒவ்வொரு விளக்குக்கும் விலையைத் தனித்தனியே தட்டெழுதி ஏற்றி முடித்த மறுவாரம், "பித்தளை ஏறிடுச்சு தம்பி, எல்லா விலையும் மாத்தணும்" என்று தொலைபேசி வந்தது. அன்று கடைக்குப் போய் அரைநாள் கல்லாப்பெட்டி அருகே உட்கார்ந்து கவனித்தேன். வருகிறவர் விளக்கைக் காட்டியதும், பணியாளர் அதை மேல் பிரபை, எண்ணெய்த் தட்டு, தண்டு, அடிப்பாகம் என்று கழற்றாமல் அப்படியே தராசில் வைக்கிறார். கிலோ இவ்வளவு என்று அன்றைய விலையால் பெருக்குகிறார். வேலைப்பாடு மிகுந்தவற்றுக்கு மட்டும் கூலி கூட்டுகிறார். அந்தக் கடையில் விளக்குக்கு விலையே கிடையாது, எடைக்குத்தான் விலை. இதை முதல் நாளே பார்த்திருந்தால் தரவுத்தளத்தை வேறு விதமாக அமைத்திருப்பேன். திரும்ப எழுதி, ஒவ்வொரு உருப்படிக்கும் எடையும் கூலியும் மட்டும் வைத்து, கிலோ விலையை ஒரே ஓர் இடத்தில் மாற்றினால் அனைத்தும் மாறும்படி செய்தேன். நான் எழுதிய நிரலிலேயே மிகச் சிறியது அது. கடைக்காரர் இன்றுவரை பாராட்டுவது அதை மட்டும்தான். வடிவமைக்கத் தொடங்குமுன் ஒரு நாள் அவர்கள் இடத்தில் உட்கார்ந்து வியாபாரம் நடப்பதைப் பாருங்கள் என்று எவருக்கும் தயங்காமல் சொல்வேன்.

அடுத்து, தமிழ் உரை. கடையின் வரலாறும் விளக்குகளின் விவரமும் அடங்கிய 16 பக்கச் சிறு கையேட்டை, அச்சகத்தில் பேஜ்மேக்கர் என்ற பழைய அச்சு மென்பொருளில் தட்டெழுதிய கோப்பாகவே கொடுத்தார்கள். அது பழைய எழுத்துரு. நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வந்தது. எழுத்துரு மாற்றும் மென்பொருள் ஒன்றைக் கொண்டு, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையான யூனிகோடாக மாற்றினேன். பழைய எழுத்துருக்களில் கொம்பு மெய்க்கு முன்னால் சேமிக்கப்படும், யூனிகோடில் பின்னால். அதை அந்த மென்பொருள் சரியாகவே கையாண்டது. படித்துப் பார்த்தேன், பிழை ஏதும் தெரியவில்லை. ஆனால் தளத்தின் தேடல் பெட்டியில் நாச்சியார்கோவில் என்று தட்டினால் ஒரு பக்கமும் வரவில்லை.

ஒரு மாலை முழுவதும் தேடல் நிரலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்த்தேன். அச்சகத்தில் தட்டெழுதியவர் 'ர்' வரும் இடங்களில் பலவற்றில் துணைக்காலைப் போட்டு அதன் மேல் புள்ளி வைத்திருந்தார். தாளில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்; கணினிக்கு அவை வெவ்வேறு. தமிழில் துணைக்காலுக்குப் பின் புள்ளி வரவே வராது என்பதால், அந்த இணையைக் கண்ட இடமெல்லாம் 'ர்' என்று ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம். 300-க்கும் மேற்பட்ட இடங்கள் மாறின. கௌரி என்பதைக் கெ, ள, ரி என்று அடித்திருந்த இடங்களை மட்டும் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டியிருந்தது. அச்சகத்திலிருந்து வரும் உரையில் இவ்விரண்டையும் தேடாமல் இன்று நான் எதையும் தளத்தில் ஏற்றுவதில்லை.

பக்கங்களின் இணைய முகவரியிலும் தமிழ் வேண்டும் என்று நான்தான் அடம்பிடித்தேன். குத்துவிளக்கு என்ற சொல் யூனிகோடில் 13 குறிகள். கணினி அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட்டாக 39 பைட். இணைப்பை நகலெடுக்கும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்றெழுத்தாக விரிந்து 117 எழுத்துகள். ஒரு சொல்லுக்கே இந்த நீளம். முகவரியில் தலைப்பு வரும் பகுதியை வேர்ட்பிரஸ் 200 எழுத்துகளோடு வெட்டிவிடும் என்பதால், "நாச்சியார்கோவில்" என்று தொடங்கும் தலைப்புகள் எல்லாம் அடுத்த சொல்லிலேயே அறுந்து, ஒன்று போலவே நின்றன. இரண்டு, மூன்று என்று எண் சேர்த்துத்தான் அது அவற்றை வேறுபடுத்தியது. வாட்ஸ்அப்பில் அந்த இணைப்பைப் பெற்ற ஒருவர் ஏதோ மோசடி என்று நினைத்து அழித்துவிட்டாராம். முகவரியை ரோமன் எழுத்தில் சுருக்கமாக வைத்துவிட்டு, தலைப்பையும் உள்ளடக்கத்தையும் தமிழில் விட்டேன். பெருமைக்கு அதில் குறைவொன்றும் வந்துவிடவில்லை.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் எடுத்தேன். ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளி தமிழுக்கு நெருக்கமாகத் தெரிவதால் எழுத்தளவின் 1.7 மடங்கு வைத்தேன். பொத்தான்களில் "கூடையில் சேர்க்கவும்" சிறிய கைபேசியில் இரண்டு வரியாக மடிந்தது. "வாங்க" என்று சுருக்கினேன், வரவேற்பது போலவும் ஆயிற்று. படங்கள் கைபேசியில் எடுத்தவை, ஒவ்வொன்றும் 4, 5 எம்பி. அவற்றை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். பிறகு அகலத்தை 1,600 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி என்ற பட வடிவில் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கும்.

இனி என் பெரிய தவறு. செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை தளத்தைத் திறந்தோம். விளக்குக் கடை, வெள்ளிக்கிழமை, விளக்கேற்றும் நேரம். மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. டொமைனின் விவரங்களை வைத்திருக்கும் கணினிகளான நேம்சர்வர்களை, தளத்துக்கு இடம் தரும் புதிய ஹோஸ்டிங் நிறுவனத்துடையவையாக மாற்றிவிட்டு, கைபேசியில் தளம் வருவதைக் காட்டி, சர்க்கரைப் பொங்கலும் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினேன். ஜூலையில் டொமைனை மீட்டபின் கடைக்கு மின்னஞ்சலை வேறொரு நிறுவனத்தில் நானே ஏற்படுத்திக் கொடுத்திருந்தேன். அஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகள் பழைய நேம்சர்வரில் இருந்தன. புதியதில் அவற்றை எழுத மறந்துவிட்டேன்.

உடனே எல்லாம் நின்றிருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்பேன். டாட் காம் பெயர்களின் நேம்சர்வர் விவரத்தை மற்றக் கணினிகள் 48 மணி நேரம் வரை நினைவில் வைத்திருக்கலாம். ஆகவே சனிக்கிழமை சில அஞ்சல்கள் வந்தன, ஞாயிறு அன்று குறைந்தன, திங்கள் காலை ஒன்றும் இல்லை. "ஐயா, மெயில் போட்டாத் திரும்பி வருதே" என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்டபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பதிவுகளைச் சேர்க்க எனக்கு 5 நிமிடம்தான் ஆயிற்று; அவை எல்லா இடத்திலும் நடைமுறைக்கு வர மாலையாகிவிட்டது. அந்த இரண்டரை நாளில் எத்தனை விசாரணைகள் திரும்பிப் போயின என்று யாராலும் சொல்ல முடியாது. ஐயா என்னைத் திட்டவில்லை. அதுதான் கடினமாக இருந்தது.

இப்போது எந்தத் தளத்தை இடம் மாற்றினாலும், முதலில் நேம்சர்வரில் இருக்கும் பதிவுகள் (டிஎன்எஸ் பதிவுகள்) அனைத்தையும், எம்எக்ஸ், அந்தப் பெயரில் யார் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப்புக்கான டெக்ஸ்ட் பதிவு உட்பட, ஒரு தாளில் படியெடுக்கிறேன். முடிந்தவரை நேம்சர்வரைத் தொடுவதில்லை. தளம் இருக்கும் கணினியைக் காட்டும் ஏ பதிவை மட்டும் மாற்றுகிறேன். முந்தைய நாளே அதன் ஆயுட்காலத்தை, அதாவது மற்றக் கணினிகள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 வினாடிக்குக் குறைத்து வைத்தால், தவறு நேர்ந்தாலும் சில நிமிடங்களில் திரும்பிவிடலாம். மாற்றியபின் வெளி முகவரி ஒன்றிலிருந்து அஞ்சல் அனுப்பி, பதிலும் வாங்கிப் பார்க்கிறேன். நல்ல நாள் பார்ப்பவர்களுக்கும் வழி வைத்திருக்கிறேன்: இடமாற்றம் திங்களன்றே முடிந்துவிடும், "விரைவில்" என்ற பக்கத்தை மட்டும் அவர்கள் குறித்த நேரத்தில் எடுத்துவிடுவேன்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாதியை முன்பணமாக வாங்குங்கள். மீதியைத் திறப்பு நாளோடு கட்டிவைக்காமல், உள்ளடக்கம் ஏற்றி முடிந்ததும் ஒரு பங்கு என்று பிரித்து வாங்குங்கள், ஏனெனில் படம் தராமல் வாடிக்கையாளரே மாதக்கணக்கில் தாமதிப்பது உண்டு. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை சேவை செய்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி வசூலிக்கவும் கூடாது. இணையவழிப் பணம் பெறும் சேவைக்கு விண்ணப்பித்தால், பணம் திருப்பித் தரும் விதிகள், தனியுரிமை, தொடர்பு முகவரி ஆகிய பக்கங்கள் இல்லாமல் அனுமதி கிடைப்பது அரிது. அவற்றை எழுதும் வேலையையும் விலைப்புள்ளியில் சேருங்கள்.

ஒப்படைப்பின்போது ஒரு நீல அட்டைக் குறிப்பேடு வாங்கி, டொமைன் எங்கே வாங்கியது, எந்தத் தேதியில் காலாவதியாகும், ஹோஸ்டிங் எங்கே, மின்னஞ்சல் எங்கே, காப்பு நகல் எந்த வட்டில் என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். கடவுச்சொற்களைத் தனி உறையில் வைத்து ஒட்டினேன். கடையில் கணக்குப் பார்க்கும் ஐயாவின் மருமகள், நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கணக்கிலும் தாமே ஒரு முறை நுழைந்து பார்த்துவிட்டு, கடவுச்சொற்களை என் எதிரிலேயே மாற்றினார். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவர் செய்ததுதான் சரி.

2023-இல் டொமைன் புதுப்பிக்கும் நாள் நெருங்கியபோது நினைவுபடுத்தலாமென்று அழைத்தேன். "அது போன வாரமே மூணு வருஷத்துக்குக் கட்டியாச்சுண்ணா" என்றார் மருமகள்.