நின்றுபோன தூணும் நீட்டிக்கொண்டிருந்த கம்பியும்

"தூண்தான் நிக்குதே சார், மேல தளத்தைப் போட்டா முடிஞ்சுது?" பாதியில் நின்றுபோன சென்னைத் துறைமுகம்–மதுரவாயல் மேம்பாலச் சாலை பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் கேள்வி தப்பாமல் வரும். "உதவாதுங்க" என்பேன். சொல்லி முடித்ததும் அரைகுறையாகச் சொல்லிவிட்டோமோ என்றிருக்கும்.

2009 ஜனவரியில் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். சுமார் 19 கி.மீ., 1,655 கோடி ரூபாய். கூவத்தின் நீரோட்டத்தைத் தூண்கள் மறிக்கின்றன என்று 2012-ல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. 2014-ல் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தும் வேலை நகரவில்லை. 2022 மே மாதம் மோடி மறுபடி அடிக்கல் நாட்டியபோது அது இரண்டடுக்குச் சாலையாகி, மதிப்பும் 5,800 கோடியைத் தாண்டியிருந்தது.

பாதியில் நின்ற தூணில் முதலில் கெடுவது தலைக்கு மேல் நீட்டியிருக்கும் கம்பி. 32 மி.மீ. கம்பி துருவேறி 30 ஆகிவிட்டால் வெட்டுப்பரப்பில் 12 சதவீதம் காலி. அதுவும் சீராகத் தேய்ந்திருந்தால்தான். குழி விழுந்திருந்தால், விட்டம் அளக்கும் வெர்னியர் கருவியை நம்ப முடியாது. ஒரு மீட்டர் வெட்டி, துருவைச் சுரண்டி எடை போட வேண்டும். புதுக் கம்பி என்றால் 6.31 கிலோ நிற்கும். கான்கிரீட்டுக்கு, துளைபோட்டுக் கோர் என்கிற உருளைத் துண்டை எடுத்து, உடைத்த முகத்தில் பீனால்ஃப்தலீன் தெளிப்பார்கள்; காரத்தன்மை இருந்தால் அது இளஞ்சிவப்பாகும். நிறம் ஏறாத இடத்தில் காரத்தன்மை போய்விட்டது. அந்த இழப்பு கவரை, அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தாண்டிக் கம்பியைத் தொட்டிருந்தால் உள்ளேயும் துரு பிடிக்கும். ஆறு கடலில் சேரும் முகத்துவாரப் பக்கம் இந்தச் சோதனை மட்டும் போதாது. உப்பு இறங்கிய கான்கிரீட் நன்றாகவே சிவக்கும், கம்பி மட்டும் அரிக்கும். குளோரைடைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இதிலெல்லாம் தேறும் தூணும் இருக்கலாமே, பிறகெப்படி மொத்தமாக உதவாது என்பது? ஓரடுக்குக்குக் கணக்குப் போட்ட பைல், அதாவது தூணுக்கு அடியில் மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் அடித்தளக் கம்பம், இரண்டடுக்கைத் தாங்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பைல்களின் தலையைச் சேர்த்துக் கட்டித் தூணைத் தாங்கும் பைல் கேப்பை அகலமாக்கிப் பக்கத்தில் புதுப் பைல் இறக்கலாம்தான். ஆனால் பாரம் ஏறும்போது இரண்டும் ஒரே அளவு அமுங்காது. தவிர, ஆற்றை மறிக்கிறது என்று நிறுத்திய வேலையில் கேப்பைப் பெரிதாக்கினால் இன்னும் மறிக்கும். இடித்தாலும் விடுதலை இல்லை. மண்ணுக்குள் பழைய பைல் கிடக்கும், புதுத் துளையைத் தள்ளித்தான் போட வேண்டும்.

ஆக, கம்பியைக் காப்பாற்றியிருந்தாலும் வீண்தானா? வேலை நிற்கும் நாளில் பின்னால் எத்தனை அடுக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. சிமெண்ட் பால் பூசினால் சில மழையில் கரைந்துவிடும். சிமெண்ட் குறைந்த கலவையால் கம்பியை மூடிவைத்தால் வருடக்கணக்கில் நிற்கும், பிறகு தட்டி எடுத்துவிடலாம். தூணின் செலவோடு பார்த்தால் அது காசே இல்லை. ஆனால் நிறுத்து என்கிற உத்தரவில் அதற்கொரு ஐட்டம் இருக்காது. காண்ட்ராக்டர் எந்தப் பில்லில் ஏற்றுவார்?