16 இரவுகள், ஆறு ஊர்கள்: ஐரோப்பிய ரயில் பயணத்தைத் திட்டமிட்ட அனுபவம்

மே மாதப் பள்ளி விடுமுறைக்கு ஐரோப்பா போவதென்று நவம்பரில் வீட்டில் முடிவானது. ஆளுக்கு இரண்டு மூன்று ஊர் சொன்னதில், நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், பிராக், வியன்னா, லூசெர்ன், மிலான், வெனிஸ், பிளாரன்ஸ், ரோம் என்று பதினொரு பெயர்கள் சேர்ந்துவிட்டன. கையில் இருந்தவை 16 இரவுகள். போகிறவர்கள் நான், என் கணவர், பத்து வயது மகள், 67 வயதான என் அத்தை, அதாவது கணவரின் தாயார். கோவையில் நாங்கள் கேட்டுப் பார்த்த சுற்றுலா முகவர் ஒருவரும் ஏறக்குறைய இதே பட்டியலைத்தான் அச்சடித்துக் கொடுத்தார். அதில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பகலும் ஓர் இரவும் இருந்தன. ஊர் மாறும் நேரத்துக்கென்று எதுவும் இல்லை.

அந்தக் குறையைக் கண்டுபிடித்தவர் அத்தைதான். "ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்குப் போற அன்னிக்கு என்னம்மா பாப்போம்?" என்று அவர் கேட்ட பிறகு, பாரிஸிலிருந்து லூசெர்னுக்குப் போகும் ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொண்டு, விடுதி அறையின் கதவிலிருந்து அடுத்த விடுதி அறையின் கதவு வரை கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாரிஸின் கார் து லியோன் நிலையத்திலிருந்து பாஸல் வரை அதிவேக ரயிலில் மூன்று மணி நேரம். அங்கிருந்து லூசெர்னுக்கு ஒரு மணி நேரம். நடுவில் வண்டி மாறும் நேரம். ரயில் கால அட்டவணையைப் பார்த்தால் நான்கரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் பயணம் இது. ஆனால் அறையைக் காலி செய்வது, பெட்டிகளுடன் மெட்ரோவில் போவது, முன்கூட்டியே நிலையத்தில் காத்திருப்பது, புது ஊரில் விடுதியைத் தேடி அடைவது எல்லாவற்றையும் சேர்த்தால் ஏழு மணி நேரத்துக்குக் குறையவில்லை. பதினொரு ஊர் என்றால் இப்படிப் பத்து இடமாற்றங்கள். 16 நாட்களில் பத்து நாட்கள் பெட்டியும் கையுமாகக் கழியும் என்று தெரிந்த பிறகு, அந்தப் பட்டியலைத் தொடர எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை.

பிறகு வரைபடத்தை விரித்து, ஒரே திசையில் இறங்கிப் போகும் கோடு ஒன்றைத் தேடினோம். வடக்கே ஒதுங்கிய ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், கொலோன் மூன்றும், கிழக்கே ஒதுங்கிய பிராக், வியன்னா இரண்டும் நீங்கின. வியன்னாவை விடுவதில் என் கணவருக்கு வருத்தம் இருந்தது. ஆனால் லூசெர்னிலிருந்து வியன்னாவுக்கு ஒரு முழுப் பகல், அங்கிருந்து வெனிஸுக்கு இன்னொரு முழுப் பகல் என்று ஆனபோது அவரே அதை அடித்துவிட்டார். மிஞ்சியது பாரிஸில் 4 இரவு, லூசெர்னில் 4, வெனிஸில் 2, பிளாரன்ஸில் 3, ரோமில் 2. மிலான் வண்டி மாறும் இடமாக மட்டும் நின்றது. மீதமிருந்த ஓர் இரவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். விமான டிக்கெட்டை பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து திரும்புவதாக எடுத்தோம். போன ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏறும் டிக்கெட் சற்று மலிவாகக் கிடைத்தது. ஆனால் ரோமிலிருந்து பாரிஸுக்கு மீண்டும் வரும் செலவையும் ஒரு நாளையும் சேர்த்துப் பார்த்தால் அந்த மலிவு நிற்கவில்லை. நாளைத் தேர்ந்ததிலும் ஒரு கவனம் தேவைப்பட்டது. மே 1, மே 8 இரண்டும் பிரான்சில் பொது விடுமுறை நாட்கள். அவற்றை ஒட்டிய நாட்களில் ரயிலில் கூட்டமும் கட்டணமும் ஏறிவிடும் என்பதால், மே இரண்டாம் வாரத்துக்குப் பிறகே பாரிஸில் இறங்குமாறு வைத்துக்கொண்டோம்.

விசா விஷயத்தில் சுற்றியிருந்த பலரும் சொன்னது, பாரிஸில் இறங்குவதால் பிரான்சுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் விதி அப்படி இல்லை. எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறோமோ அந்த நாட்டுக்கே விண்ணப்பிக்க வேண்டும். எண்ணிக்கை சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு கணக்கில் வரும். எங்களுக்கு பிரான்சில் 4, சுவிட்சர்லாந்தில் 4, இத்தாலியில் 8 என்று அமைந்ததால் இத்தாலிக்கு விண்ணப்பித்தோம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருப்பதால் தனி விசா தேவைப்படவில்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாட்கள் என்றாலும் 45 நாட்கள் வரை நீளலாம் என்று விதியிலேயே இருக்கிறது. ஆகவே பிப்ரவரி நடுவில் சேரன் எக்ஸ்பிரஸில் சென்னை போய், விசா விண்ணப்ப மையத்தில் கைரேகை கொடுத்துவிட்டு வந்தோம். பெரியவர்களுக்கு 90 யூரோ, மகளுக்கு 45 யூரோ; இதைத் தவிர மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு ஆகியவற்றுடன், எந்த இரவு எந்த ஊரில், எந்த விடுதியில், அங்கே எப்படிப் போய்ச் சேருகிறோம் என்று நாள்வாரியாக ஒரே தாளில் எழுதி மேலே வைத்தேன். இரவுகளை ஏற்கனவே எண்ணி வைத்திருந்ததால் அந்தத் தாளை எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இதில் எல்லோரையும் குழப்பும் ஒரு முடிச்சு உண்டு. ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கினால் மலிவு. ஆனால் மலிவான டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது. விசாவோ கைக்கு வந்தபாடில்லை. இந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு உதவியது, எந்த ரயிலின் கட்டணம் ஏறும், எது ஏறாது என்று பிரித்துப் பார்த்ததுதான். நம் ஊரில் 60 நாள் முன்பு முன்பதிவு திறந்தவுடன் பாய்வது இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக. அங்கே அதிவேக ரயில்களில் விமானத்தைப் போல நாள் நெருங்க நெருங்க விலை ஏறுகிறது. வட்டார ரயில்களுக்கோ என்றைக்கு வாங்கினாலும் ஒரே கட்டணம்; இருக்கை எண்ணும் கிடையாது, இடம் தீர்ந்துவிட்டது என்ற பேச்சும் கிடையாது. இப்படிப் பிரித்தபோது, முன்பே வாங்கியாக வேண்டியவை பாரிஸ் முதல் லூசெர்ன், மிலான் முதல் வெனிஸ், வெனிஸ் முதல் பிளாரன்ஸ், பிளாரன்ஸ் முதல் ரோம் என்ற நான்கு மட்டுமே என்று தெரிந்தது. முதலாவதை மட்டும், சற்று விலை கூடினாலும் தேதி மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள கட்டணத்தில் உடனே வாங்கினேன். மற்ற மூன்றையும் மார்ச்சில் விசா கைக்கு வந்த அன்று இரவே வாங்கினோம். அந்த இரவில் இரண்டு முறை பணம் செலுத்த முடியாமல் போனது. அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாங்கள் இயக்கி வைக்காததே காரணம். தேடும்போது வெனேசியா, பிரென்ஸே, ரோமா என்று இத்தாலியப் பெயர்களை இட்டால்தான் சரியான நிலையம் வருகிறது. வெனிஸில் மேஸ்திரே என்பது நிலப்பகுதியில் உள்ள நிலையம். கால்வாயின் கரையிலேயே இறக்கிவிடுவது சாந்தா லூசியா. பிளாரன்ஸில் ஊரின் நடுவே இருப்பது சாந்தா மரியா நோவெல்லா. விடுதி எங்கே என்று பார்த்துவிட்டே நிலையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

யூரெயில் பாஸ் வாங்கவில்லையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 33 நாடுகளின் ரயில்களில் ஒரே சீட்டை வைத்துப் போக உதவும் அருமையான பாஸ் அது. ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற நாடுகளில் நினைத்தபோது ஏறி இறங்க விரும்புவோருக்கு உண்மையிலேயே பயன்படும். ஆனால் எங்கள் பாதையில் இருந்த பிரெஞ்சு, இத்தாலிய அதிவேக ரயில்களில் பாஸ் வைத்திருந்தாலும் தனியாகக் கட்டணம் செலுத்தி இருக்கை பதிவு செய்ய வேண்டும். பாரிஸ் வண்டியில் பாஸ்காரர்களுக்கான இருக்கைகளும் அளவோடுதான் இருக்கும். ஐந்தே பயண நாட்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. சுவிட்சர்லாந்துக்கு மட்டும், ஒரு மாதம் செல்லக்கூடிய அரைக் கட்டண அட்டையைப் பெரியவர்கள் மூவருக்கும் வாங்கினோம். ரயில், ஏரிப் படகு, பேருந்து, பல மலை ரயில்கள் எல்லாவற்றிலும் பாதி விலை. பெற்றோருடன் வரும் குழந்தைக்கான குடும்ப அட்டையை இலவசமாகவே கொடுத்தார்கள். லூசெர்னிலிருந்து படகில் விட்ஸ்னாவ் போய், அங்கிருந்து 1871இல் தொடங்கிய ரிகி பல்சக்கர ரயிலில் மலையேறிய ஒரே நாளில் அந்த அட்டைக்குக் கொடுத்த பணத்தில் ஒரு நல்ல பங்கு மீண்டுவிட்டது.

இனி அந்த மிஞ்சிய ஓர் இரவு. லூசெர்னிலிருந்து மிலானுக்கு 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோத்தார்ட் அடிவாரச் சுரங்கம் வழியாக விரைவாகப் போய்விடலாம். பனி பார்க்க வேண்டும் என்று மகளும், மலை ரயிலில் போக வேண்டும் என்று அத்தையும் கேட்டதால், நாங்கள் கூர், செயின்ட் மோரிட்ஸ் என்ற சுவிஸ் ஊர்கள் வழியாக, ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் பெர்னினா ரயில் பாதையில் இத்தாலியின் திரானோவுக்கு இறங்கினோம். அன்றே வெனிஸ் வரை போவது என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே திரானோவிலேயே ஓர் இரவு தங்கினோம். முழுத் திட்டத்திலும் நான் மிகச் சரியாகச் செய்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். கூரை வரை கண்ணாடி வைத்த பெர்னினா எக்ஸ்பிரஸுக்கு இருக்கைப் பதிவும் கூடுதல் கட்டணமும் கட்டாயம். அதே தண்டவாளத்தில் மணிக்கு ஒன்றாக ஓடும் சாதாரணச் சிவப்பு வண்டிகளில் அவை எதுவும் தேவையில்லை. வண்டியை விட்டாலும் அடுத்தது இருக்கிறது.

அத்தை பிறந்தது மேட்டுப்பாளையம். ஊட்டி ரயிலின் சத்தம் கேட்டு வளர்ந்தவர். 65 மீட்டர் உயரத்தில் வளைந்து நேரே குகைக்குள் நுழையும் லான்ட்வாசர் பாலத்தில் எல்லோரும் கைபேசியைத் தூக்கியபோது, அவர் தலையைக் குனிந்து தண்டவாளத்தின் நடுவே, பல்சக்கரம் பற்றி ஏறும் பல்சட்டம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நீலகிரி ரயில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் பல்சக்கரத்தின் துணையோடு ஏறுகிறது. பெர்னினா ரயில் நூற்றுக்கு ஏழு என்ற சரிவைப் பல்சக்கரம் இல்லாமலேயே ஏறி இறங்குகிறது. உச்சியில் ஓஸ்பிஸியோ பெர்னினா நிலையம் 2,253 மீட்டர், ஏறக்குறைய நம் ஊட்டி நிலையத்தின் உயரம்தான். ஆனால் அங்கே மே மாதத்திலும் நடைமேடையின் ஓரத்தில் பனி குவிந்து கிடந்தது. மகள் அதைக் கையில் அள்ளிக் கொண்டுவந்து அத்தையின் உள்ளங்கையில் வைத்தாள். அங்கிருந்து 1,800 மீட்டருக்கு மேல் இறங்கி, புரூஸியோவில் பாலத்தின் மேல் ஒரு முழு வட்டமடித்து, கடைசியில் திரானோவின் மாதா கோயிலுக்கு முன்னால் தெருவோடு தெருவாக ஓடி வண்டி நின்றது. மாலை ஐந்து மணிக்கு, அவசரம் எதுவும் இல்லாமல், இரண்டு தெரு தள்ளியிருந்த விடுதிக்கு நடந்தே போனோம்.

மறுநாள் திரானோவிலிருந்து மிலானுக்கு இரண்டரை மணி நேரம். கோமோ ஏரியின் கிழக்குக் கரையோடு போகும் பாதை அது என்பதால், மிலான் நோக்கிப் போகிறவர்கள் வலப்புற ஜன்னலில் உட்கார வேண்டும். பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளம் என்பதால் எதிர்வண்டிக்காக நின்று நின்று 25 நிமிடம் தாமதமாயிற்று. எங்கள் வெனிஸ் டிக்கெட்டோ குறிப்பிட்ட அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும். இரண்டும் தனித்தனியாக வாங்கிய டிக்கெட்டுகள் என்பதால், இணைப்பைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். திட்டமிடும்போது மிலானில் 70 நிமிட இடைவெளி விட்டிருந்ததால், அத்தை நிதானமாக நடந்து வர முடிந்தது. ஒரே டிக்கெட்டாக வாங்கும் இணைப்புகளுக்கு இருபது நிமிடம் போதும். தனித்தனி டிக்கெட் என்றால் ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக நான் இனி வைக்க மாட்டேன். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு ஒவ்வொரு பாதையிலும் பராமரிப்பு வேலை ஏதும் அறிவித்திருக்கிறார்களா என்று பார்த்ததும் நல்லதாயிற்று, ஏனென்றால் சில நாட்களில் ரயிலுக்குப் பதில் பேருந்து விடுகிறார்கள்.

மிலான் சென்ட்ராலேயின் அறிவிப்புப் பலகையில் வெனிஸ் என்ற பெயரைத் தேடி மகள் கலங்கிப்போனாள். அங்கே பெரிதாகப் போடுவது வண்டியின் கடைசி ஊரை. நெல்லை எக்ஸ்பிரஸில் மதுரைக்குப் போகிறவர்கள் பலகையில் மதுரையைத் தேடினால் கிடைக்காது அல்லவா, அதுபோலத்தான். டிக்கெட்டில் உள்ள வண்டி எண்ணைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி மகளிடம் கொடுத்திருந்தேன். எண்ணை வைத்துத் தேடியதும் நடைமேடை எண்ணோடு கண்டுபிடித்துவிட்டாள். பாரிஸில் நடைமேடை எண்ணைப் புறப்பாட்டுக்குச் சுமார் இருபது நிமிடம் முன்புதான் காட்டினார்கள். அந்த நேரத்துக்குள் நீண்ட வண்டியின் கடைசிப் பெட்டி வரை நடக்க வேண்டியிருக்கும் என்பதால், ஆளுக்கு ஒரு சிறு சக்கரப் பெட்டிக்கு மேல் வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தோம். போர்ட்டர் கிடையாது, பெட்டியில் ஏறப் படிகள் உண்டு, வெனிஸிலோ ஒவ்வொரு பாலத்துக்கும் படிகள். லூசெர்னில் துணி துவைக்கும் இயந்திரம் உள்ள வீடாகப் பார்த்து எடுத்ததற்கும் இதுவே காரணம்.

வெனிஸிலிருந்து பிளாரன்ஸ் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், பிளாரன்ஸிலிருந்து ரோம் ஒன்றரை மணி நேரம். இரண்டையும் காலை பத்து மணிக்குப் பிறகான வண்டிகளாகவே எடுத்தோம். அத்தை மருந்து சாப்பிட்டு, தயிர்ச்சாதம் கலந்து டப்பாவில் அடைத்துவிட்டுக் கிளம்ப அந்த நேரம்தான் ஒத்துவந்தது. ரோமில் இரண்டு இரவுகள் போதவில்லை என்பது உண்மைதான். பாரிஸில் ஒன்றைக் குறைத்து இங்கே கூட்டியிருக்கலாம். கடைசி இரவுக்கு டெர்மினி நிலையத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுத்திருந்தோம். மறுநாள் காலை அங்கிருந்து நேரே விமான நிலையத்துக்குப் போகும் லியோனார்டோ எக்ஸ்பிரஸில் 32 நிமிடத்தில் பியூமிசினோவில் இறங்கியபோது, விமானத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.