பத்து கெஜம்

"அப்பா, அங்கேயே நிறுத்துங்க. பத்து கெஜம் போகலையே, அதுக்குள்ள அவர் மேல பட்டுடுச்சு!"

மதியம் சாப்பிட்டுக்கொண்டே நானும் மகளும் போனில் ஒரு பழைய ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 2006 செப்டம்பர் 16, ஓரிகன் – ஒக்லஹோமா, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து.

ஆட்டத்தை மறுபடி தொடங்க உதைத்த பந்து பத்து கெஜம் போகும் முன் உதைத்த அணிக்காரர் தொடக் கூடாது. உதைத்தது ஓரிகன்; அவர்கள் வீரரே தொட்டுவிட்டார். போதாததற்கு, கடைசியில் பந்தை எடுத்ததும் ஒக்லஹோமாக்காரர்தான்.

ரீப்ளே பார்த்த பிறகும் பந்து ஓரிகனுக்கே என்றார்கள். ஓரிகன் 34–33 என்று ஜெயித்தது.

தவறுதான். பெரிய தவறு. ஓரிகன் அப்போது இருந்த கல்லூரி அணிகளின் கூட்டமைப்பான பேக்-10 அமைப்பே மன்னிப்புக் கேட்டது, நடுவர் குழுவை ஓர் ஆட்டத்துக்கு இடைநீக்கம் செய்தது. சரி, அது நியாயம். தோற்றவர்களின் கோபமும் நியாயம்தான்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. ரீப்ளே பார்த்து முடிவு சொன்ன அதிகாரிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. வீட்டுக்கே போன் செய்து மிரட்டினார்கள்.

மகள் அந்தக் காட்சியை நான்கு முறை ஓட்டிப் பார்த்தாள், விரலால் முன்னும் பின்னும் நகர்த்தி. பதற்றமில்லை, பக்கத்தில் தயிர்சாதம். அந்த அதிகாரிக்கோ அன்று அரங்கமே இரைந்துகொண்டிருந்தது, நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

தவறு செய்தவரைத் தண்டிக்க விதி இருக்கிறது. அவர் வீட்டு எண்ணைத் தேடிப்பிடிக்க யார் உரிமை கொடுத்தது?

"அந்த போனை யாருப்பா எடுத்திருப்பாங்க? அவங்க வீட்ல என்னை மாதிரி யாராவது எடுத்திருந்தா?" என்று கேட்டாள்.

தட்டில் கை அப்படியே நின்றுவிட்டது.