மலையில் மழை, கணினியில் மாஸ்டடான்

வடகிழக்குப் பருவமழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தில் மண் சரிந்தால் மலை ரயில் நின்றுவிடும். விருந்தினருக்குச் சேதி சொல்ல வேண்டிய அந்த நேரத்தில்தான் நீலகிரியில் கரன்டும் நெட்டும் காலை வாரும். தங்குமிடம் நடத்துபவர்கள் எக்ஸ் போன்ற சமூக வலைத்தளமான மாஸ்டடானில் போனைவிட லேப்டாப்பில் பதிவிடுவது நல்லது: தமிழ்99 விசைப்பலகையில் வேகமாக அடிக்கலாம், பிழை கண்ணில் படும்.

லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் இருந்தால், ஃபிளாட்ஹப் என்ற செயலிக் களஞ்சியத்திலிருந்து மாஸ்டடானுக்கான டூபா செயலியை நிறுவுங்கள். உங்கள் மாஸ்டடான் கணக்கு இருக்கும் சர்வரின் பெயரைக் கொடுத்ததும் பிரவுசர் திறக்கும். அங்கே அனுமதி கொடுத்தால் போதும்.

எழுத்துக் கணக்கில் பலரும் தடுமாறுகிறார்கள். எக்ஸ் தளத்தின் 280 எழுத்து வரம்பில் புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனி. 'குன்னூர்' நமக்கு 4 எழுத்து, அங்கே 8. மாஸ்டடானின் வழக்கமான வரம்பு 500. அதே சொல் அங்கே 4தான். லிங்க் எவ்வளவு நீளமானாலும் இரண்டிலும் 23.

ஹேஷ்டேக்கில் வேற்றுமை உருபை ஒட்டாதீர்கள். #குன்னூரில் வேறு, #குன்னூர் வேறு. தேடுபவருக்கு முதலாவது அகப்படாது. வாக்கியத்தை முடித்துவிட்டு டேக்கைக் கடைசியில் தனியாகப் போடுங்கள். பதிவின் மொழி 'தமிழ்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆங்கிலம் என்று கிடந்தால், தமிழை மட்டும் வடிகட்டிப் படிப்பவர்களுக்கு உங்கள் பதிவு போய்ச் சேராது.

நெட் தள்ளாடும்போது பெரும்பாலும் சிக்குவது படம்தான். படம் முதலில் தனியாக ஏறும், பிறகே எழுத்து போகும். அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்துவிட்டு இணையுங்கள். அவசரச் சேதிக்குப் படமே வேண்டாம்.

'அனுப்பு' அழுத்தியபின் பிழை காட்டினால் உடனே இன்னொரு தடவை அடித்து அனுப்பக் கூடாது. பதிவு சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் திரும்பாமல் போயிருக்கலாம். போன் டேட்டாவில் உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பதிவு அங்கே இல்லையென்றால் அதே ஜன்னலிலிருந்தே மறுபடி அனுப்புங்கள். சில செயலிகள் ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாளச் சாவியைச் சேர்த்து அனுப்பும். அதே சாவி திரும்ப வந்தால் சர்வர் இரண்டாவது பதிவை உருவாக்காது. மூடிவிட்டுப் புதிதாக எழுதினால் சாவியும் புதிது, ஒரே சேதி இரண்டு முறை போய்விடும்.

காலை 6 மணிக்குப் போக வேண்டிய பதிவை இரவே நேரம் குறித்து ஏற்றிவிடலாம். அது சர்வரில் காத்திருக்கும், விடியலில் வீட்டில் கரன்ட் இல்லாவிட்டாலும் போகும். குறைந்தது 5 நிமிடம் தள்ளிக் குறிக்க வேண்டும்.

ரயில் மறுபடி ஓடத் தொடங்கினால் பழைய பதிவைத் திருத்துவதோடு நிறுத்தாதீர்கள். திருத்தியது டைம்லைனில் மேலே ஏறாது. அதன் கீழேயே பதிலாகப் புதுச் சேதி போடுங்கள், தேதியும் மணியும் சேர்த்து.